மகளின் கல்லூரியில் நான் சொன்ன ஆடிட் பதில்கள்

யாராவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையில் பேனாவோடு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், என் வாய் என்னைக் கேட்காமலேயே பதில் சொல்லிவிடும். அது அந்தக் கேள்விக்கான பதில்தானா என்பது எனக்கே பிற்பாடுதான் தெரியும். ரேஷன் கார்டு திருத்தப் போன இடத்தில் "கணவர் பெயர்?" என்று கேட்டதற்கு என் அப்பா பெயரைச் சொன்னவள் நான். (எங்க ஊட்டுக்காரர் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். இன்னும் அதற்கு ஒரு சமாதானம் சொல்லி முடியவில்லை.)

எட்டாவதோடு படிப்பை நிறுத்தி பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டேன். இப்போது திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாளெல்லாம் பிழை தேடியே பழகிவிட்டதால், வீட்டுக்கு வந்த பிறகும் நடக்காத பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். கேஸை மூடினேனா, மகள் போன பஸ் கவிழ்ந்ததா, அவள் காலேஜ் வாட்ஸப் குரூப்பில் ஏன் இன்று யாருமே குட்மார்னிங் போடவில்லை, இப்படி.

இந்தப் பயம்தான் கம்பெனியில் என்னைப் பெரிய ஆளாக்கியது. எப்படி என்று சொல்கிறேன்.

எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதற்கு ஆடிட் என்று பேர். ஆடிட் வருகிறது என்றால் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். எமர்ஜென்சி கதவை மறைத்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மாயமாகும். பாத்ரூமில் சோப்பு முளைக்கும். புகார்ப் பெட்டியில் இருக்கும் ஒட்டடையைத் தட்டி, புதுப் பூட்டு போடுவார்கள். அப்புறம் ஹெச்.ஆர். சார் வந்து எங்களை வரிசையாக உட்கார வைத்து ஒத்திகை எடுப்பார்.

"ஓவர்டைம் கட்டாயமா?"

"எங்க விருப்பம்ங்க!"

"கதவு?"

"எமர்ஜென்சி கதவு எப்பவும் திறந்தே இருக்குதுங்க!"

"இதெல்லாம் யார் சொல்லிக்குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக்குடுக்கலீங்க!"

பாத்ரூம் போக டோக்கன் கேட்கிறார்களா, பதினெட்டு வயசுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று இன்னும் நீளும். மற்றவர்கள் அரைத்தூக்கத்தில் சொல்வார்கள். நான் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிடுவேன். பாத்திரம் விளக்கும்போதும் முணுமுணுப்பேன். எந்த ஆடிட்டர் வந்தாலும் என்னைத்தான் முன்னால் அனுப்புவார்கள். "அக்கா வாயைத் தொறந்தா மார்க்குதான்" என்பார் ஹெச்.ஆர். எனக்கும் உள்ளூர ஒரு பெருமை. (என்ன பெருமை பாருங்கள்!)

என் மகள் சுகன்யா இதற்கு நேர் எதிர். யாராவது பதில் சொன்னால் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்பாள். தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் தாண்டி ஒரு தனியார் காலேஜில் பொருளாதாரம் இரண்டாம் வருசம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே மலர்விழி என்று ஒரு மேடம். நிரந்தர வேலை இல்லை, வருசா வருசம் புதுப்பிக்கிற வேலை. அந்த மேடம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவாராம். "இந்த ஒரு மணி நேரம் எதை வேணா பேசலாம். நான் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்லலாம். காரணம் மட்டும் சொல்லணும்" என்பாராம். சுகன்யா வாரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காலேஜுக்குப் போனாள் என்று நினைக்கிறேன்.

அந்த வருசம் காலேஜில் வகுப்பறை விதி என்று ஒன்று கொண்டு வந்தார்கள். பாடத்தில் இல்லாததை வகுப்பில் பேசக் கூடாது. ஆசிரியர்கள் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது. சாதி, கட்சி, கம்பெனி எதைப் பற்றியும் பேச்சு எடுக்கக் கூடாது. (கம்பெனி ஏன் அதில் வந்தது என்று கேட்காதீர்கள். காலேஜ் நடத்துகிறவர்களுக்கும் பனியன் கம்பெனி இருந்தது.)

மலர்விழி மேடம் என்ன செய்தார் தெரியுமா? "இந்த விதி சரியா, தப்பா? நீங்களே மாணவர்கள்கிட்டயும் ஆசிரியர்கள்கிட்டயும் கேட்டுட்டு வாங்க" என்று அதையே ஒரு செமினார் வேலையாகக் கொடுத்துவிட்டார். சுகன்யா பத்துப் பதினைந்து நாள் காலேஜ் முழுக்கச் சுற்றிக் கேட்டாள். சாயங்காலம் வந்து எங்களுக்குச் சொல்லுவாள்.

ஒரு பையன் சொன்னானாம்: "பரீட்சைக்கு வராததைப் பேசி என்ன ஆகப் போகுது? ரூல் நல்ல ரூல்தான். எனக்கு சாயங்காலம் பார்ட் டைம் வேலை இருக்குது, நேரத்துக்கு விட்டாச் சரி."

ஹாஸ்டல் பெண் ஒருத்தி: "ஊட்டுல பேசாதே, பஸ்ஸுல பேசாதே, ஹாஸ்டல்ல பேசாதேங்கறாங்க. கிளாஸ்லயும் பேசக் கூடாதுன்னா இந்த வாயைச் சாப்பிட மட்டும் வெச்சுக்கணுமா?"

காமர்ஸ் சார் ஒருவர் விதிக்கு ஆதரவு. "நான் வகுப்புல பேசின பேச்சுல ஒரே வரியை மட்டும் செல்போன்ல எடுத்து குரூப்புல போட்டாங்கம்மா. அதுக்கு விளக்கம் சொல்லியே எனக்குத் தூக்கம் போச்சு. ரூல் இருந்தா நான் பிழைப்பேன்" என்றாராம். தமிழ் மேடம் ஒருவர் எதிர்ப்பு. "ரூல் இல்லாதப்பவும் பயந்துட்டுத்தான் பேசினோம். இப்ப எதுக்குப் பயப்படணும்னு எழுத்துல குடுத்திருக்காங்க" என்றாராம்.

எங்க ஊட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். இரைச்சலில் வேலை செய்கிறவர், பேச்சு குறைவு. அவர்கூடக் காபியை வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த காமர்ஸ் வாத்தியார் சொல்றதும் நியாயந்தானே கண்ணு?"

"நியாயந்தான்ப்பா. அதையும்தான் எழுதியிருக்கேன்" என்றாள்.

நான் மட்டும்? நான் அந்த விதியின் கட்சி. "வாயை மூடிட்டு டிகிரியை வாங்கு சாமி. பேசறதையெல்லாம் பொறவு பேசிக்கலாம்" என்றேன். பொறவு எப்போது என்று அவள் கேட்டாள். அது ஒத்திகை எடுக்காத கேள்வி.

அவள் கேட்டு எழுதியதை வகுப்பில் வாசித்தாள். இரண்டு பக்கமும் அப்படியே வாசித்திருக்கிறாள். மறுநாளே ஹெச்.ஓ.டி. சார், அதாவது அந்தத் துறையின் தலைவர், மலர்விழி மேடத்துக்கு மெமோ கொடுத்துவிட்டார். விதியைப் பற்றிக் கருத்துக் கேட்டதே விதி மீறலாம். சுகன்யாவின் செமினாருக்கு மார்க் போடாமல் நிறுத்தி வைத்தார். அது இல்லாவிட்டால் அந்தப் பாடத்தில் அவள் தேற முடியாது. மேடத்தை அடுத்த வருசம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதையும், காலேஜுக்குத் தரம் பார்க்க வருகிற குழு வந்து போனபிறகு முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அழுதேன். மேடத்தைத் திட்டினேன். வெள்ளிக்கிழமையைத் திட்டினேன். அந்த நேரத்தில் போன் வந்தது.

"சுகன்யா அம்மாங்களா? நான் ஹெச்.ஓ.டி. பேசறேங்க."

"ஐயோ, புள்ளைக்கு என்னாச்சுங்க? பஸ்ஸு ஏதாச்சும்..."

"ஒண்ணும் ஆகலீங்கம்மா. புள்ள கிளாஸ்லதான் இருக்குது. குழு வருதில்லீங்களா, பெற்றோர்கள் சிலரைப் பார்ப்பாங்க. நீங்க வரணும். வந்து, வகுப்புல புள்ளைகளுக்கு நல்ல சுதந்திரம் இருக்குதுன்னு ஒரு வார்த்தை. நீங்க நல்லபடியாப் பேசுனா, பாப்பா மார்க்கும் நல்லபடியா வந்துரும்."

எப்படிக் கூசாமல் சொன்னார் பாருங்கள்! யாருடைய வாயை மூடினார்களோ, அவளுடைய அம்மாவே வந்து வாய் திறந்துதான் இருக்கிறது என்று சாட்சி சொல்ல வேண்டும். ஆனால் அன்று என்ன சொன்னேன்? "சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்" என்றேன். நன்றி வேறு!

குழு வருவதற்கு முதல் நாள் ஒத்திகை. நான் காலேஜுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிசம் கம்பெனிக்குத்தான் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அதே வாடகைப் பூந்தொட்டிகள். பாத்ரூமில் அதே சோப்பு. சுவரில் புகார்ப் பெட்டி, அதே புதுப் பூட்டு. எங்களை ஒரு ஹாலில் வரிசையாக உட்கார வைத்து, ஹெச்.ஓ.டி. சார் கேள்வி கேட்டார். நாங்கள் கோரஸாகச் சொன்னோம். என் பக்கத்தில் மூலனூரில் இருந்து வந்த பெரியவர் ஒருவர். முருங்கை விவசாயி. மகன் அங்கே படிக்கிறான்.

"ஏனுங்க அம்மிணி" என்று என் காதில் கேட்டார், "சுதந்திரம் இருக்குதுன்னு சொல்றதுங்களா, வேணும்னு சொல்றதுங்களா?"

"இருக்குதுன்னு சொல்லணும்ங்க."

"இருக்குதுன்னா நம்மள எதுக்குக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்றாங்க?"

"சத்தம் போடாதீங்க, சார் பாக்கறாரு" என்று அவரை அடக்கிவிட்டேன். நான்தான் அனுபவசாலி!

வீட்டுக்கு வந்தால் சுகன்யா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ போய்ப் பொய் சொல்லப் போறியாம்மா?"

"பொய் இல்ல கண்ணு. ஆடிட்" என்றேன்.

அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நோம்பி, பண்டிகைக்கு மட்டும் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அந்தச் சேலைக்கு இஸ்திரி போடும்போது இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்ற கவலை பஸ்ஸில் ஏறியதும் வந்துவிட்டது. அதோடுதான் அந்த அறைக்குள் நுழைந்தேன். நீளமான மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வடக்கே இருந்து வந்த ஒரு அம்மா, கண்ணாடி போட்டிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் வழுக்கைத் தலை ஐயா ஒருவர், பேசவே இல்லை. மறுபக்கம் இன்னொருவர் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா இங்கிலீஷில் கேட்க, காலேஜின் ஆங்கில சார் ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். சுவரோரம் ஹெச்.ஓ.டி. சார். பின்வரிசையில் மூலனூர்ப் பெரியவரும் மற்ற பெற்றோர்களும். என்னை முதலில் கூப்பிட்டார்கள். கண்ணாடி அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்த டிக் என்ற சத்தம் கேட்டதும் என் வாய் தயாராகிவிட்டது. நான் தயாராகவில்லை.

"வகுப்பறையில் மாணவர்கள் தங்கள் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்ல முடிகிறதா?" என்று ஆங்கில சார் தமிழில் கேட்டார்.

நான் சொன்னேன்: "முடியுதுங்க. எமர்ஜென்சி கதவு எப்பவும் திறந்தே இருக்குதுங்க. பாத்ரூம் போக யாரும் டோக்கன் கேக்கறதில்லீங்க."

மூலனூர்ப் பெரியவர் பின்னால் இருந்து "ஓ" என்றார்.

"ஆசிரியர்கள் தங்கள் கருத்தை மாணவர்கள்மேல் திணிக்கிறார்களா?"

"இல்லீங்க. ஓவர்டைம் எங்க விருப்பம்ங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ யாருமே இல்லீங்க."

எனக்குத் தெரிகிறது, தப்பு தப்பாக வருகிறது. ஆனால் நிறுத்த முடியவில்லை. மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் அது புரியும். பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மணி அடிக்கிறோம், டிரைவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். கண்ணாடி அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தார். ஏதோ கேட்டார். ஆங்கில சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "இந்தப் பதில்களை உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?"

"யாரும் சொல்லிக்குடுக்கலீங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஹெச்.ஆர். சார்தான் அப்படிச் சொல்லச் சொன்னாருங்க" என்று ஹெச்.ஓ.டி. சாரை நோக்கிக் கையை நீட்டினேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஆங்கில சார் தொண்டையைச் செருமி, கண்ணாடி அம்மாவிடம் நீளமாக இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் லேபிளில் வருகிற அளவுக்குத் தெரியும். 'ஃபுல் ஃப்ரீடம்' என்று சொன்னார், 'வெரி ஹேப்பி' என்று சொன்னார். கண்ணாடி அம்மா தலையாட்டிக்கொண்டே எழுதப் போனார்.

அப்போது வழுக்கை ஐயா வாயைத் திறந்தார். அத்தனை நேரம் சும்மா இருந்தவர், சுத்தமான தமிழில் கேட்டார்: "சார், இந்த அம்மா அப்படி எதுவும் சொல்லலையே?"

"அவங்க சொல்ல வந்தது அதுதாங்க ஐயா. படிக்காதவங்க, பதட்டத்துல மாத்திச் சொல்றாங்க" என்றார் ஆங்கில சார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. படிக்காதவள் என்றதற்கு இல்லை. அது உண்மைதான், தினம் கேட்பதுதான். ஆனால் நான் உளறினேன் என்றால் அது என் உளறல். முட்டாள்தனமாக இருந்தாலும் என் வாயில் இருந்து வந்தது. அதைக்கூட அழகாக மடித்து, பாலிதீன் கவரில் போட்டு, அவர்களுக்கு வேண்டிய லேபிளை ஒட்டி அனுப்புகிறார்களே! என் மகளுக்கும் இதைத்தானே செய்தார்கள்?

"ஏனுங்க சார்" என்றேன், "நான் உளறினா உளறினேன்னே சொல்லுங்க. எதுக்கு மாத்துறீங்க?"

"அம்மா, உக்காருங்க..." என்றார் ஹெச்.ஓ.டி.

"உக்கார மாட்டேனுங்க! என்ற புள்ள ஊரெல்லாம் போயி ரூலு வேணும்ங்கறவங்ககிட்டயும் கேட்டுது, வேண்டாம்ங்கறவங்ககிட்டயும் கேட்டுது. ரெண்டையும் வாசிச்சுது. அதுக்கு மார்க்கை நிறுத்தி வெச்சிருக்கீங்க. கேக்கச் சொன்ன மேடத்துக்கு மெமோ. நான் வந்து நல்லபடியாப் பேசுனா மார்க்கு நல்லபடியா வரும்னு சொன்னது நீங்கதானுங்களே? இதுக்கு எங்க கம்பெனியே தேவலைங்க. அங்க ஆடிட்டர் போனதும் கதவை மூடுவாங்க. நீங்க ஆடிட்டர் இருக்கறப்பவே மூடறீங்க!"

இது தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லி முடித்த அடுத்த நொடியே "இதையெல்லாம் எழுதிக்காதீங்க சாமி" என்று வழுக்கை ஐயாவைக் கும்பிட்டேன். "எங்க ஊட்டுல இஸ்திரிப் பெட்டி வேற ஆன்லயே இருக்குது" என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து மூலனூர்ப் பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, ஒத்திகையில் சொன்னதெல்லாம் மறந்துபோய், "அந்த அம்மிணி சொன்னதேதானுங்க எனக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். இஸ்திரிப் பெட்டி அணைந்துதான் இருந்தது. சுகன்யாவுக்கு அதற்குள் விசயம் போயிருந்தது. காலேஜே சிரிக்கிறதாம். வந்தவள் பையைக்கூட இறக்காமல் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "பாத்ரூம் டோக்கன்னு நிசமாவே சொன்னியாம்மா?" என்றாள். நான் தலையாட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்க ஊட்டுக்காரர், பேசவே பேசாத மனிதர், "முதல்ல இருந்து ஒருக்கா சொல்லு புள்ள" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

அப்புறம் என்ன ஆனது? நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். காலேஜுக்கு அவர்கள் கேட்ட தரமே கிடைத்தது. கேட்டில் பெரிய பேனர் கட்டினார்கள். சுகன்யாவுக்கு மார்க் வந்தது. எல்லாப் பாடத்துக்கும் முழு மார்க். "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நான் கணக்கையே தப்பாப் போட்டேன், அதுக்கும் முழு மார்க்காம்மா? இது மார்க் இல்ல, வாய்ப்பூட்டு" என்று குதித்தாள். மலர்விழி மேடத்தின் மெமோவைத் திரும்பப் பெறவும் இல்லை, அதன்மேல் நடவடிக்கையும் இல்லை. அடுத்த வருசமும் அவரையே வைத்துக்கொண்டார்கள். விதியில் மட்டும் ஒரு வரி சேர்த்தார்கள்: முன் அனுமதியோடு கருத்துச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரு சார் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பார் என்றும் ஏற்பாடு. கருத்துக்கு முன் அனுமதியாம்! தும்மலுக்கு அனுமதி கேட்க முடியுமா?

எங்கள் கம்பெனிக்கும் செய்தி போய்விட்டது. (திருப்பூரில் நூல் விலைக்கு அப்புறம் வேகமாகப் பரவுவது அடுத்தவர் மானம்தான்.) ஆடிட் வருகிற நாளில் இப்போதெல்லாம் எனக்கு லீவு கொடுத்துவிடுகிறார்கள்.

சுகன்யா படிப்பை முடித்துவிட்டாள். இப்போது கோயம்புத்தூரில் மேற்படிப்பு. போன மாதம் நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் அந்தக் காலேஜ் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: "மலர்விழி மேடம் கிளாஸ்ல பாடத்துக்கு வெளிய ஏதாச்சும் பேசணும்னா, கையத் தூக்கி 'எமர்ஜென்சி கதவு திறந்திருக்குங்களா மேடம்'னு கேக்கணும்டி. அவங்க 'திறந்தே இருக்குது, சொல்லு'ம்பாங்க. பின்னாடி உக்காந்திருக்கற சார் ஒவ்வொரு தடவையும் திரும்பிக் கதவைப் பாப்பாரு. அவருக்கு இன்னும் புரியல."

"அது யாருடி கண்டுபிடிச்சது?"

"யாரோ டெல்லி ப்ரொபசர் ஒருத்தர் குழுவுல வந்தப்ப சொன்னாராம்."

டெல்லி ப்ரொபசரா! நான் பதறிப்போய்ச் சொன்னதை யாரோ ஒரு ப்ரொபசர் பேரில் எழுதிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன்.

"கண்ணு, அது டெல்லி ப்ரொபசர் இல்ல. அதைச் சொன்னது நான்தான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் தொங்குகிற கம்பெனி அட்டையைப் பார்த்தாள், மடியில் இருந்த சோத்துத் தூக்குப்போசியைப் பார்த்தாள். ரொம்ப மரியாதையாக, "சரிங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதை வீட்டில் வந்து சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. இப்போது குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றாலும் சரி, நாளைக்கு மழை வரும் என்றாலும் சரி, நான் எதைச் சொன்னாலும் எங்க ஊட்டுக்காரர் தலையைக்கூடத் தூக்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான். விடுமுறைக்கு வந்தால் மகளும் கூடச் சேர்ந்துகொள்கிறாள்:

"சரிங்க ஆன்ட்டி."